அந்தக் கொழுத்த ரிவியை எறியாதீர்கள்

எங்கள் ஊர் வாசிகசாலை விழாக் குழுத் தம்பி தங்கச்சிமாருக்கு,

பொங்கல் விழாவில் 'பழைய கேம் போட்டி' என்று ஒழுங்கை முகப்பில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். சந்தோசம். ஆனால் போட்டி பிளேஸ்ரேசன் 2 இல் கால்பந்து மட்டும்தானாம், அதுவும் புதிய எல்இடி திரையிலாம். பின் அறையில் கிடக்கும் பிக்சர் ரியூப் ரிவியைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்றும் கேள்வி. முதலில் அதை நிறுத்துங்கள்.

1984இல் வந்த டக் ஹன்ட், அதாவது திரையில் பறக்கும் வாத்தைப் பிளாஸ்டிக் துவக்கால் சுடுவது, அந்த மாதிரி ரிவி இல்லாமல் செத்த விளையாட்டு. துவக்கின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துவக்கின் வாய்க்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் வாத்து விழும். எல்இடி திரையில் படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதற்குள் துவக்கு பார்த்து முடித்துவிடும். நாள் முழுக்கச் சுட்டாலும் விளையாட்டில் வரும் நாய் சிரித்துக்கொண்டுதான் நிற்கும். (2006இல் போரால் யாழ்ப்பாணம் வரும் ஏ-9 பாதை திரும்பப் பூட்டியபோது எங்கள் அம்மம்மா அந்தப் பிளாஸ்டிக் துவக்கை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தார். அவரிடம் அதை விளையாட்டுச் சாமான் என்று விளங்கப்படுத்த முடியவில்லை.)

சரி, எந்த விளையாட்டு இன்னும் தாக்குப்பிடிக்கிறது? என்னிடம் கேட்காதீர்கள். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்து, 2002இல் ஏ-9 திறந்த பிறகு அப்பா கொழும்பிலிருந்து வாங்கிவந்த ரிவி கேம் பெட்டியில் விழுந்தவன் நான். அதில் செருகும் மஞ்சள் கேம் கசற்றில் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில டசின்தான், மிச்சமெல்லாம் அவையே திரும்பத் திரும்ப. எனக்கு எல்லாமே இனிக்கும். அதனால் ஒன்பது வயது மருமகளிடம் விட்டுப் பார்த்தேன்.

1985 மரியோவை ஒரு சொல்லும் சொல்லாமல் கொடுத்தேன். முதல் காளான் நடந்து வந்து முட்டியது, செத்தாள். அடுத்த முறை பாய்ந்தாள். அவ்வளவுதான், பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. அடுத்து முதலாவது பிளேஸ்ரேசனில் ஒரு முப்பரிமாண விளையாட்டைப் போட்டேன். "மாமா, சுவர் ஏன் நெளியுது?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. 1994இல் வந்த அந்தப் பெட்டி, ஒரு சுவரின் தூரத்தைக் கணக்கில் எடுக்காமலே அதன்மேல் படத்தை ஒட்டிவிடும். அந்த நாளில் எங்களுக்கு அது அதிசயம், அவளுக்குக் கோளாறு.

ஆகவே என் தீர்ப்பு: மரியோவும் ரெற்றிஸும் முன்னுக்கு, சண்டை விளையாட்டான ஸ்ரீற் பைற்றர் 2 அதற்குப் பக்கத்தில். புள்ளிபுள்ளியாய்க் கீறிய படங்களுக்கு வயது ஏறவில்லை. 1997இன் சுடும் விளையாட்டான கோல்டன்ஐயை நான் விழுந்து விழுந்து விளையாடியவன்தான், ஆனாலும் ஒற்றைக் குச்சியில் குறிபார்க்க இன்றைய பிள்ளைகளுக்குப் பொறுமை வராது. சொனிக் நல்லது, ஆனால் லண்டன் மாமியின் மெகாடிரைவை வாங்கிப் போடாதீர்கள். அந்த ஐரோப்பியப் பெட்டி 60க்குப் பதில் 50 ஹேர்ட்ஸில் ஓடுவது. ஓட்டக்கார முள்ளெலி ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போனால் என்ன சொனிக்?

கனடாவிலிருந்து வந்ததைப் போடுவதென்றால் 120 வோல்ற் என்பதை மறக்காதீர்கள். மச்சான் கொண்டுவந்த பெட்டியை நான் நேரே சுவரில் செருகினேன். புகை வந்தது. நல்ல மணம்.

பிளேஸ்ரேசன் 2 ஐ நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 15 கோடிக்கு மேல் விற்ற பெட்டி, நீங்கள் வளர்ந்ததே அதோடுதான். ஆனால் அதன் லென்ஸ் களைத்துவிட்டால் இறுதியாட்டத்தின் நடுவில் டிஸ்க்கை வாசிக்காமல் நிற்கும். கேம் கசற்றில் சுழல ஒன்றுமில்லை. செப்பு முனைகளை ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் துடைத்தால் சரி. ஊதாதீர்கள், எச்சில் ஈரம் முனைகளை அரிக்கும். நாங்கள் எல்லாரும் ஊதினோம், அது வேறு கதை.

கால்பந்தை வேண்டுமானால் இரவுக்கு வையுங்கள். பின்னேரம் எனக்கு ஒரு மேசையும் அந்த ரிவியும் போதும். ரிவி கேம் இரண்டு, துவக்கு ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து சுடும் கொன்ரா கசற் எல்லாம் என்னிடம் உண்டு. கொன்ராவுக்குச் சோடியாகப் பெயர் கொடுக்கலாம். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அழுத்தி முப்பது உயிர் எடுக்கிறவர்களுக்குப் பரிசு இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தோடு வருகிறேன். ரிவி சரியான பாரம், தூக்க இரண்டு பேர் நில்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு ஒழுங்கை அண்ணை