குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வெளியூர்களிலிருந்து காணொளி வழியே கலந்துகொண்டிருக்கும் முன்னாள் குடியிருப்பாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

குடிநீர், மின்தூக்கி, வண்டி நிறுத்துமிடம் தொடர்பான பணிகள் வழக்கம்போல் நடந்தன; வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். நம்மவர்கள் சுற்றுலா சென்ற வேன் விபத்துக்குள்ளாகி மூன்று வீடுகளில் உயிரிழப்பு நேர்ந்த ஆண்டு இது. ஆகவே, அதன்பின் நாம் ஒருவருக்கொருவர் எவ்வாறு துணையிருந்தோம் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் வாரம் ஆட்களுக்குக் குறைவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். ஒரு வீட்டில் அழைப்பு மணியின் ஒயரையே கழற்றிவிட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது?" என்று கேட்க, அந்த வீட்டுப் பெரியவர் அதே விவரத்தை முதலிலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார். எனவே, மாலையில் மட்டும் சந்திக்கவும், விபத்தைப் பற்றிக் கேட்காதிருக்கவும் வேண்டி அறிவிப்பு ஒட்டினோம். சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவேன். ஆயினும், உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் இணைந்து 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும், நடந்ததை விவரிக்கும்படி யாரையும் வற்புறுத்தலாகாது என்றே அறிவுறுத்துகிறது. பார், கேள், இணை என்ற மூன்றே அதன் சாரம்.

இவற்றுள் தேவையான உதவியோடு இணைத்துவிடும் பணியே நமக்கு எளிதாகக் கைவந்தது. இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுப் படிவம், வங்கிக் கணக்கு மாற்றம் ஆகியவற்றை ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். 'இறந்தவருடன் உறவுமுறை' என்ற கட்டத்தில் ஓர் அம்மையாரின் பேனா நின்றுபோனபோது, அந்த உறுப்பினர் வேறொன்றும் சொல்லாமல் படிவத்தை மூடி வைத்துவிட்டு, "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், அம்மா" என்று எழுந்து வந்து, மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் போனார். "காலம் எல்லாவற்றையும் ஆற்றும்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைக் காட்டிலும் அவரை அந்த வீட்டார் அதிகம் நினைக்கிறார்கள்.

ஆறுதல் சொல்லப் போன அண்டை வீட்டாரும் துயரத்தில்தான் இருந்தார்கள் என்பது சற்றுத் தாமதமாகவே தெரிய வந்தது. கடைசி நேரத்தில் பயணத்தைக் கைவிட்ட இரு குடும்பத்தினர், தமக்கும் அழ உரிமை உண்டா என்று தயங்கி, பல வாரம் வெளியே தலைகாட்டவில்லை. உளவியலாளர் சூசன் சில்க்கும் பாரி கோல்ட்மனும் 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு வழி காட்டுகிறது: இழப்பின் மையத்தில் இருப்பவரைச் சுற்றி வட்டங்களை வரைந்துகொண்டு, உள்வட்டத்தாருக்கு ஆறுதலை மட்டுமே தர வேண்டும், தன் புலம்பலை வெளிவட்டத்தாரிடமே கொட்ட வேண்டும். நமக்கு அந்த வெளிவட்டமாக வாய்த்தவர்கள், வேறு ஊர்களுக்கும் நாடுகளுக்கும் குடிபெயர்ந்த நம் பழைய நண்பர்கள். நமக்கு நள்ளிரவு அவர்களில் சிலருக்குப் பகல். ஆகவே தூக்கம் வராதவர்களுக்குப் பேச ஆள் இருந்தது. ஒருவர் கைப்பேசி இணைப்பைத் துண்டிக்காமலேயே தம் வீட்டு வேலைகளைச் செய்துகொண்டிருப்பாராம்; இந்தப் பக்கம் இருப்பவர் பேசினால் பேசுவார், இல்லையென்றால் இல்லை. பழைய ஆண்டு விழாக்களின் படங்களையும் குரல் பதிவுகளையும் சேர்த்து வைத்திருந்தவர்கள், "இப்போது அனுப்பட்டுமா, பிறகு அனுப்பட்டுமா?" என்று கேட்ட பிறகே அனுப்பினார்கள்.

மூன்றாம் மாதத்தில் வருகையும் அழைப்பும் வற்றத் தொடங்கின. எங்கும் இப்படித்தான் என்றாலும், வீடு உண்மையிலேயே வெறிச்சோடுவது அப்போதுதான். எனவே செயற்குழு ஒரு முறைப்பட்டியல் வகுத்து, உள்ளூர் உறுப்பினர் ஒருவரையும் வெளியூர் நண்பர் ஒருவரையும் ஒவ்வொரு வீட்டுக்கும் பொறுப்பாக்கியது. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லப்பட்டிருந்த சிறுவன் திரும்பி வரும் தேதியைக் கேட்டபோது, இறப்பை இறப்பு என்றே குழந்தைகளிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற நிபுணர் கருத்தை அக்குடும்பத்தாரிடம் எடுத்துச் சொன்னவர், அவ்வாறு பொறுப்பேற்ற தோழியே.

துயரம் நோயன்று. எனினும், அன்றாட வாழ்வையே முடக்கும் கடுந்துயரம் ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாதிருந்தால் அதை நீடித்த துயரக் கோளாறாகக் கருதலாம் என்று 2022-இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாடு வரையறுக்கிறது. அத்தகைய நிலையில் நம் ஆறுதல் மட்டும் போதாது. மருத்துவரிடம் உடன் செல்ல இருவர் முன்வந்துள்ளனர்.

முதலாம் நினைவு நாள் நெருங்குகிறது. இரு குடும்பத்தினர் கூட்டஞ்சலிக்கு இசைந்துள்ளனர். மூன்றாம் குடும்பத்தினர் தனித்திருக்க விரும்புகின்றனர். அவர்களைக் காரணம் கேட்காமலும் வற்புறுத்தாமலும் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முறைப்பட்டியலை மேலும் ஓராண்டுக்கு நீட்டிக்கவும், முன்னாள் குடியிருப்பாளர்களைச் சிறப்பு உறுப்பினர்களாகச் சேர்க்கவும் தீர்மானங்களை முன்மொழிந்து, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்