புங்க இலைச் சாற்றுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் எங்கள் கரிசல் காட்டில் விதைத்த கருங்கண்ணிப் பருத்தி, இடையில் முளைக்காத சொட்டை விழாமல் ஒன்றுபோல நிற்கிறது. முதல் மழைக்கு அப்புறம் வானம் வெளிவாங்கி, மண் வெடிப்பு விட்ட நேரத்திலும் இளஞ்செடிகள் தாக்குப்பிடித்தன. அதில் உங்கள் பலருடைய உழைப்பு இருக்கிறது.

முதல் நன்றி வேளாண் அறிவியல் நிலையத்து அம்மாவுக்கு. பருத்தி விதையை 1 சதவீதப் புங்க இலைச் சாற்றில் 8 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதத்துக்கே உலர்த்தி விதைப்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதை அவர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து விளங்கச் சொன்னார். ஊறும்போதே விதைக்குள் முளைப்பு வேலை தொடங்கிவிடுகிறது. முளை வருவதற்குள் உலர்த்திவிட்டால் அந்த வேலை அப்படியே நிற்கும். மறுபடி ஈரம் பட்டதும் சட்டென்று முளைக்கும். ஒருமுறை காய்ந்து பழகிய விதை அடுத்து வரும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். வெள்ளை முனை வெளியே தெரிந்துவிட்டால் உலர்த்தவே கூடாது, செத்துவிடும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதால்தான் இரவில் எழுந்து எழுந்து பார்த்தோம்.

விதையைச் சாணிப்பாலில் பிசறித் தேய்த்து, ஒட்டியிருந்த பஞ்சை நீக்கித் தந்த அத்தைமார்களை மறக்க முடியாது. ஊருணிக்கரைப் புங்க மரத்தில் முற்றின இலையாகப் பறித்து, லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டியதும் அவர்கள்தான். மளிகைக்கடை அண்ணாச்சி வியாபார நேரத்திலும் தராசைக் கொடுத்தார். ஊறவைக்கும் முன் இருந்த எடைக்கே விதை திரும்பி வந்தால்தான் உலர்ந்ததாக அர்த்தம். நிழலில் சாக்கு விரித்துக் காயப்போட்டு, அள்ளி அள்ளி நிறுத்துப் பார்த்த எங்களுக்கு அந்தத் தராசு பெரிய உதவி.

பக்கத்துக் காட்டு மாமா, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதே விதையை ஊறவைக்காமல் உங்கள் காட்டில் சில சால் விதைத்துக் காட்டினீர்கள். அங்கே சொட்டை விழுந்ததைப் பார்த்த பிறகுதான் ஊர் நம்பியது. உங்கள் மனசு யாருக்கும் வராது.

இலைச் சாறு மழைக்கு ஈடாகாது; வேர் இறங்கும்வரை உள்ள ஆபத்தான நாட்களைத் தாண்டத்தான் உதவும். மருந்து பூசி வரும் கடை விதையை இப்படி ஊறவைக்க வேண்டாம். சொந்த விதை வைத்திருப்பவர்கள் அடுத்த விதைப்புக்கு முன் வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

நன்றியுடன்,
ஒரு மானாவாரி விவசாயி