சதுப்புக் காட்டின் மண்ணையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் தென்கிழக்குக் கடலோரச் சமவெளியில் உள்ள சதுப்புக் காடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்தக் காடுகளைப் பற்றித் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று பல வருடங்கள் காத்திருந்தவன் நான். கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் மண் ஆய்வு வேலை பார்த்தவன் என்பதால் ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். கட்டுரையில் மரங்கள் இருக்கின்றன, பறவைகள் இருக்கின்றன, கரடி இருக்கிறது. மண்ணைத்தான் காணோம். அழிந்த இடங்களில் சைப்ரஸ் கன்றுகளை நட்டால் காடு திரும்பிவிடும் என்று கடைசிப் பத்தி சொல்வதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆற்றோரச் சதுப்பில் மண் துளைக்கும் கருவியை ஒரு முழம் இறக்கி, மண்ணை வெளியே எடுத்துப் பாருங்கள். முதலில் அழுகின முட்டை வாடை வரும். மேலே கறுப்பாக மட்கு, அதன் கீழே சாம்பல் பூத்த களிமண். மண் செம்மையாக இருப்பதே அதிலுள்ள இரும்பால்தான். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும் இடத்தில் மண்ணுக்குள் காற்று இருக்காது. அப்போது அந்த இரும்பு கரைந்து நகர்ந்துவிடும், நிறமும் கூடவே போய்விடும். அந்தச் சாம்பல் மண்ணை விரலால் பிளந்தால், வேர் ஓடின தடத்தைச் சுற்றி மட்டும் நூல் மாதிரி துரு நிறக் கோடு தெரியும். இலையிலிருந்து வேர் வழியாக இறங்கிய கொஞ்சம் காற்று, அங்கே மட்டும் இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. மழையே இல்லாத மாதத்தில் போனாலும், அந்த இடத்தில் தண்ணீர் எந்த உயரம் வரை நிற்கும் என்று அந்த மண்ணைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மரங்களும் அந்த மட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன. பள்ளத்தில் சைப்ரஸும் நீர் டுபெலோவும் இருக்கும். ஒரு சாண் உயர்ந்த திட்டில் சிவப்பு மேப்பிள் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் ஏறினால் ஓக். மலைச்சரிவில் ஆயிரம் அடி ஏறினால் காணும் மாற்றத்தை இங்கே முழங்கால் உயரத்துக்குள் பார்க்கலாம். ஆறு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். ரோனோக் ஆறு மேட்டு நிலத்துக் களிமண்ணை அள்ளி வந்து கரையில் போடுவதால் அங்கே மண்ணில் சத்து அதிகம். சமவெளியிலேயே பிறக்கிற பிளாக் ஆற்றில் வண்டல் குறைவு, சத்தும் குறைவு. தண்ணீர் பால் விடாத டீ மாதிரி இருக்கும். ஆனால் குறைந்தது 2,624 வயதான சைப்ரஸ் மரம் நிற்பது அந்த ஆற்றங்கரையில்தான் என்று 2019-இல் வெளியான மரவளைய ஆய்வு காட்டியது.

சரி, கன்று நடும் விஷயத்துக்கு வருகிறேன். சைப்ரஸ் தண்ணீரில் நிற்கும் மரம்தான். ஆனால் அதன் விதை தண்ணீருக்கு அடியில் முளைக்காது. ஈரமான, தண்ணீர் வடிந்த சேறு வேண்டும். முளைத்த செடியின் தலை அடுத்த வெள்ளத்துக்கு மேலே நிற்கும் அளவுக்கு வளர அவகாசமும் வேண்டும். ஆகவே தண்ணீரே வராவிட்டாலும் காடு இல்லை, வந்த தண்ணீர் வடியாவிட்டாலும் காடு இல்லை.

வர்ஜீனியா, வட கரோலினா எல்லையில் கிடக்கும் கிரேட் டிஸ்மல் சதுப்பின் கதையைக் கட்டுரை ஒரு வரியில் முடித்துவிட்டது. அங்கே அடியில் இருப்பது பீட் என்கிற மட்குமண். பல ஆயிரம் வருடத்து இலையும் வேரும் தண்ணீரில் ஊறி, முழுக்க மட்காமல் சேர்ந்தது. 1763-இல் ஜார்ஜ் வாஷிங்டன் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, அவரும் கூட்டாளிகளும் அடிமைப்படுத்தப்பட்ட மக்களை வைத்து, சதுப்பின் தண்ணீரை வடிக்க வாய்க்கால் வெட்டத் தொடங்கினார்கள். அடுத்த இரு நூற்றாண்டுகளில் சதுப்பின் குறுக்கும் நெடுக்குமாக 150 மைலுக்கு மேல் வாய்க்கால்கள் வந்துவிட்டன. தண்ணீர் இறங்க இறங்க மேல்மண் காய்ந்தது. காய்ந்த பீட் மண் என்பது விறகுதான்.

2003-இல் இசபெல் புயல் அங்கிருந்த வெள்ளை சிடார் மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரங்களை எடுக்கப் போன இடத்தில், 2008-இல் ஒரு இயந்திரத்திலிருந்து தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்தது. 2011 ஆகஸ்டில் மின்னல் விழுந்து, பெரும்பாலும் அதே இடம் மறுபடி எரிந்தது. 6,000 ஏக்கருக்கு மேல். நடுவில் ஐரீன் புயல் வந்து மழையைக் கொட்டியும் அணையவில்லை, நவம்பர் வரை புகைந்தது. தீ மண்ணுக்குள் இருந்தால் மழை என்ன செய்யும்? சராசரியாக ஏறக்குறைய அரை மீட்டர் மண் எரிந்து போனது. வெள்ளை சிடாரின் விதைகள் தங்கியிருப்பது அந்த மேல்மண்ணில்தான்; அவையும் போயின. நிலமே தாழ்ந்துவிட்டதால் இப்போது பல இடங்களில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. அங்கே எந்தக் கன்றை நடுவது?

நானே ஒரு நடவில் கலந்துகொண்டவன். ஆர்வத்தோடு நூற்றுக்கணக்கான சிடார் கன்றுகளை ஊன்றினோம். பக்கத்திலேயே தண்ணீரை வடித்துவிடும் ஆழமான வாய்க்கால், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தபோது மேப்பிள் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. குனிந்து தேடி, நிழலில் வெளுத்துப்போன பதினோரு சிடார் கன்றுகளை எண்ணினேன். அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதுவதும் அதனால்தான்.

இப்போது வனவிலங்குச் சரணாலயமாக இருக்கும் கிரேட் டிஸ்மல் சதுப்பில் வாய்க்கால்களின் குறுக்கே மதகு வைத்து, பலகைகளைப் போட்டும் எடுத்தும் நீர்மட்டத்தை உயர்த்தி வருகிறார்கள். கன்று நடுவதைவிட இது பெரிய வேலை என்பது என் கருத்து. கட்டுரையில் இதற்கு இரண்டு பத்தியாவது கொடுத்திருக்கலாம்.

அப்புறம், ஒரு திருத்தம். 42-ஆம் பக்கப் படத்தில் சைப்ரஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் கூம்புகளை 'மூச்சு வேர்கள்' என்று குறித்திருக்கிறீர்கள். அலையாத்தி மரங்களுக்கு அது பொருந்தும். சைப்ரஸின் இந்த முட்டிகள் காற்றுக்காகவா, சேற்றில் பிடிமானத்துக்காகவா என்று ஆய்வாளர்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. 'சைப்ரஸ் முட்டிகள்' என்று மட்டும் போட்டால் சரியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்