ஈர சாக்ஸோடு படுக்காதே

திருச்சி
30.5.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டதற்கு அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது.

பத்தாம் தேதியே பாகிஸ்தானோடு சண்டை நின்றுவிட்டதாக டிவியில் சொன்னார்கள். இன்றைக்கு இருபது நாள். டவர் கிடைக்காத இடம், தெரியும். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கால் விரல்களைப் பார்த்துக்கொள். ஈர சாக்ஸோடு படுக்காதே.

அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. அந்த நகையை மீட்டாச்சு, நீ அதை நினைக்க வேண்டாம். குட்டி ஏழு வரை எண்ணுகிறான், எட்டில் நின்றுவிடுகிறான். மலர் நன்றாகத்தான் இருக்கிறாள். ராத்திரியில்தான் போன் சார்ஜரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுகிறாள். டீக்கடையில் இப்போது என்னை 'மிலிட்டரிக்காரர் அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெருமைதான். ஆனாலும் ஒரு மிஸ்டு கால் கொடுக்கக்கூடவா முடியவில்லை? சரி, விடு.

நேற்று மே 29. கன்டோன்மென்ட்டில் மேஜர் சரவணன் நினைவிடத்துக்குப் போய்வந்தேன். எத்தனையோ தடவை சொன்ன கதைதான், திட்டாதே. 1999 கார்கில் சண்டையில் அதே நாள், பட்டாலிக் பக்கம் ஜுபர் மலை. பீகார் ரெஜிமென்ட் ஆட்களோடு ஏறினார். பதினாலாயிரம் அடி உயரம். ராக்கெட் லாஞ்சரால் எதிரி பதுங்கியிருந்த இடத்தை அடித்தார். வயிற்றில் சில்லு பாய்ந்த பிறகும் திரும்பவில்லை. அப்புறம் தலையில் குண்டு. வீர் சக்ரா கொடுத்தார்கள். வயது 26. அவர் போயும் இப்போது 26 வருஷம் ஆகிவிட்டது. வாழ்ந்த வருஷமும் போன வருஷமும் சரிக்குச் சரி. பூ வைத்துவிட்டு வெயிலில் நிற்கும்போது இந்தக் கணக்குத்தான் மனசில் ஓடியது.

ஒரு மாதத்துக்கு மேல் உடல் அந்த மலையிலேயே கிடந்தது. எடுக்கப்போனால் மேலிருந்து சுடுகிறான். ஜூலையில்தான் ஊர் வந்து சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் உன்னைத் தோளில் தூக்கிவைத்து, "நல்லாப் பார்த்துக்கடா, இருந்தா இப்படி இருக்கணும்" என்று சொன்னவன் நான். உனக்கு அப்போது ஐந்து வயது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அந்த ஒரு மாசமும் அவங்க வீட்டுல சோறு எப்படிங்க இறங்கியிருக்கும்?" நாட்டுக்காக என்று நான் என்னவோ பெரிதாகப் பேசினேன். அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். இந்த இருபது நாளும் அந்தக் கேள்விதான் என் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

நீ சேர்ந்தது தப்பு என்று சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதே. டியூட்டியில் கவனமாக இரு. சொன்ன பேச்சைக் கேள். உள் சாக்ஸைத் தினமும் மாற்று.

இன்னொன்று. போன தடவை லீவு முடிந்து நீ கிளம்பியபோது, முழங்கால் வலி என்று சொல்லி நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை, இல்லையா? வலியெல்லாம் ஒன்றும் இல்லை. உன் ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை மாடியில்தான் நின்றுகொண்டிருந்தேன். ரயில் நகரும்போது ஊர் பார்க்க அழுதுவிடுவேனோ என்று பயம். தோளில் தூக்கிக் காட்டியவனுக்கு வண்டி ஏற்றிவிடத் தைரியமில்லை. அம்மாவுக்கு இது தெரியும். தனக்குத் தெரியும் என்று உன்னிடம் காட்டிக்கொண்டிருக்கமாட்டாள்.

அடுத்த லீவு முடிந்து போகும்போது பிளாட்பாரம் டிக்கெட் நானே எடுக்கிறேன்.

இரண்டு ஜோடி சாக்ஸ் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கம்பளி இல்லை. இந்த வெயிலில் கம்பளி கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறான்.

அப்பா