ரூமை விடுங்க, கிச்சனைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்க சிங்கப்பூர்ல ஏ லெவல் ரிசல்ட் வந்ததுலேர்ந்து எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான், யார் பிள்ளைக்கு மான்செஸ்டர், யார் பிள்ளைக்கு வாரிக், யாருக்கு லண்டன் யூனிவர்சிட்டின்னு. கோர்ஸ் பத்திக் கேட்டு முடிச்சவங்க எல்லாரும் இப்ப ரூம் பத்திக் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. நான் இங்கிலாந்துல படிச்சிட்டு, அங்க ஸ்டூடண்ட் ஹால்லயே (மாணவர் விடுதி) ரெசிடென்ட் அட்வைசரா இருந்தவ, அதாவது ராத்திரில சாவியைத் தொலைச்சாலும் காய்ச்சல் வந்தாலும் ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க வந்து கதவைத் தட்டுற ஆளு. அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்புறதுக்கு உங்க பேப்பர்ல ஒரே தடவையா எழுதிடலாம்னு பாக்குறேன்.

நம்ம பெத்தவங்க கேக்குறது எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அட்டாச்ட் பாத்ரூம் இருக்கா, பெட் பெருசா, கீழ ஜிம் இருக்கா, ஸ்டேஷன் எவ்வளவு தூரம். புதுக் காண்டோ வீடு வாங்க ஷோஃபிளாட் பாக்கப் போன மாதிரி. ப்ரோஷர்ல படம் அழகா இருந்தா உடனே பிரைவேட் ஹால்ல, அதாவது தனியார் கம்பெனி நடத்துற விடுதில, ஸ்டூடியோவா புக் பண்ணிடுறாங்க, பிள்ளை யார் தொந்தரவும் இல்லாம நிம்மதியா படிக்கும்னு. ஃபர்ஸ்ட் இயருக்கு ஸ்டூடியோ வேண்டவே வேண்டாங்கிறதுதான் நான் சொல்ல வந்தது. ஸ்டூடியோன்னா கட்டில், மேசை, பாத்ரூம், அடுப்பு எல்லாம் ஒரே அறைக்குள்ள. கதவைச் சாத்திட்டா ரெண்டு நாளைக்கு ஒரு மனுஷன்கிட்ட வாய் திறந்து பேசாம இருந்துடலாம். செப்டம்பர்ல வெயில் இருக்கும், ஒண்ணும் தெரியாது. டிசம்பர்ல லண்டன்லயே நாலு மணிக்கு முன்னாடி இருட்டிடும், எடின்பரோல இன்னும் சீக்கிரம். ராத்திரி என் கதவைத் தட்டி "ஒண்ணும் இல்ல அக்கா, சும்மாதான் வந்தேன்"னு நின்ன பிள்ளைங்களுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும், அவங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்.

யூனிவர்சிட்டியோட சொந்த ஹால்ல பொதுவா அஞ்சாறு பேர், சில இடத்துல எட்டுப் பத்து பேர் ஒரு கிச்சனைப் பங்கு போட்டுக்குவாங்க. ரூம் சின்னதாத்தான் இருக்கும். ஆனா ஃபிரிட்ஜ்ல உன் தட்டு எது என் தட்டு எதுன்னு சண்டை போட்டாவது நாலு பேர் பழக்கமாயிடுவாங்க. இதுல இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. அங்க பெரும்பாலான ஊர்ல யூனிவர்சிட்டி ஹால்ல இடம் உறுதியா கிடைக்கிறது முதல் வருஷத்துக்கு மட்டும்தான், ரெண்டாவது வருஷத்துக்கு வெளிய வீடு பாக்கணும், அந்தத் தேடல் பல ஊர்ல நவம்பர்லயே தொடங்கிடும், அதாவது போய் ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. வீடு எடுக்குறது அஞ்சு பேர் ஆறு பேர் சேர்ந்து. அந்த அஞ்சு பேர் எங்கேர்ந்து வருவாங்க? அதே கிச்சன்லேர்ந்துதான். ஸ்டூடியோல இருந்த பிள்ளை அடுத்த வருஷமும் ஸ்டூடியோதான் எடுக்கும், வேற வழி இருக்காது.

சமையல் விஷயத்துக்கு வர்றேன், அம்மாமாருக்கு அதுதான் பெரிய கவலை. ஹால்கள்ல பெரும்பாலும் கிச்சனுக்குள்ள இருக்கிறது சூட்டுக்கு அடிக்கிற அலாரம், ரூம்லயும் காரிடார்லயும் இருக்கிறது புகைக்கு அடிக்கிற அலாரம். இங்கேர்ந்து வந்த பொண்ணு ஒருத்தி, குளிர்காலம், ஜன்னல் ஒரு சாண்கூடத் திறக்காது, கிச்சன் புகையா இருக்கேன்னு கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் திறந்து வச்சிட்டு ரசத்துக்குத் தாளிச்சா. கடுகும் காஞ்ச மிளகாயும் வெடிச்ச புகை நேரா காரிடாருக்குப் போய் பிளாக் முழுக்க அலாரம். ராத்திரி பத்து மணிக்கு மேல, ஈரத்தலையோட டவல் சுத்தினவன், பைஜாமாக்காரன், பாதி பல்லு வெளக்கினவன்னு மொத்தப் பேரும் புல்வெளில நடுங்கிட்டு நிக்கிறாங்க, இவ கரண்டியோட நின்னு அழறா, ஃபைன் போட்டுடுவாங்கன்னு. யாரும் ஃபைன் போடலை. நான் அவகிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், தாளிக்கும்போது அந்தக் கதவைச் சாத்தி வை, அது ஃபயர் டோர், தீயும் புகையும் பரவாம தடுக்குற கதவு, திறந்து வைக்கிறதே தப்பு. அதுக்கப்புறம் அவ தாளிச்சு ஒரு நாளும் அலாரம் அடிக்கலை. ஸ்டூடியோல யோசிச்சுப் பாருங்க, அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவுல சாத்துறதுக்குக் கதவே கிடையாது, தலைக்கு மேலயே டிடெக்டர்.

ரைஸ் குக்கர் இங்கேர்ந்தே கொண்டு போகலாம், நம்ம மூணு பின் பிளக்கும் அவங்க பிளக்கும் ஒண்ணுதான், கரண்டும் அதே 230 வோல்ட், முஸ்தஃபா கடைல வாங்கினது அடாப்டர் இல்லாமலே ஓடும். ஆனா பல ஹால்ல ரூமுக்குள்ள வச்சு சமைக்க விடமாட்டாங்க, கிச்சன்லதான் வைக்கணும், அதனால போறதுக்கு முன்னாடி ஹால் ரூல்ஸ்ல எதுக்கு அனுமதின்னு பாத்துக்கங்க. மெழுகுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, எண்ணெய் விளக்கு எதுவும் ஹால் ரூம்ல ஏத்த முடியாது. தீபாவளி டெர்ம் நடுவுலதான் வரும், பேட்டரி விளக்கு ரெண்டு பெட்டில போட்டு விடுங்க.

சமைக்கத் தெரியாத பையனுக்கு கேட்டர்ட் ஹால், அதாவது சாப்பாட்டோட சேர்ந்த ஹால் நல்லதுதானேன்னு கேக்குறாங்க. சில பேருக்கு ஒத்துக்கும். எடின்பரோல பாலக் ஹால்ஸ், லண்டன்ல ப்ளூம்ஸ்பரி பக்கம் இருக்கிற யூனிவர்சிட்டி ஆஃப் லண்டனோட பொது ஹால்கள் சிலது இந்த மாதிரி. ஆனா டின்னர் சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கே ஆரம்பிச்சு சீக்கிரம் முடிஞ்சிடும், ராத்திரி ஒம்பது மணிக்குக் காப்பிக்கடைல பரோட்டா சாப்பிட்டுப் பழகின பிள்ளைங்க அந்த நேரத்துக்குப் போய் அவிச்ச உருளைக்கிழங்கு சாப்பிடுமா? மூணு வாரம் போகும், அப்புறம் கட்டின காசு ஒரு பக்கம், வெளிய வாங்கித் தின்னுற காசு ஒரு பக்கம். பையனுக்கு முட்டை பொரிக்கவும் பருப்பு வேக வைக்கவும் ஜூலைல கத்துக் கொடுத்து அனுப்புங்க, அதுவே போதும்.

காசுக் கணக்கு. அங்க வாடகை மாசத்துக்கு சொல்லமாட்டாங்க, வாரத்துக்குத்தான் சொல்வாங்க, எத்தனை வாரத்துக்கு காண்ட்ராக்ட்ங்கிறதுதான் முக்கியம். சும்மா கணக்குக்கு வாரம் 250 பவுண்டுன்னு வச்சுக்கங்க. 40 வார காண்ட்ராக்ட்னா 10,000 பவுண்டு, 51 வாரம்னா 12,750. வித்தியாசம் 2,750 பவுண்டு, ஒரு பவுண்டு நம்ம காசுக்கு ஒண்ணே முக்கா வெள்ளி கிட்டன்னா நாலாயிரத்து எழுநூறு வெள்ளிக்கு மேல போகும். பிள்ளை ஜூன்லயே சாங்கி ஏர்போர்ட்ல வந்து இறங்கிடும், காலி ரூமுக்கு நீங்க செப்டம்பர் வரைக்கும் வாடகை கட்டிட்டு இருப்பீங்க. யூனிவர்சிட்டி ஹால் பெரும்பாலும் 40 வாரம் சுமாருக்கு இருக்கும், பிரைவேட்ல 44, 51 வாரம்னு நீளமா வரும். இதுக்கெல்லாம் நம்ம சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கல்வித் திட்டத்துலேர்ந்து எடுக்க முடியாது, அது உள்ளூர்ப் படிப்புக்கு மட்டும்தான், மொத்தமும் கைக்காசு இல்லன்னா லோன். தண்ணி, கரண்ட், இன்டர்நெட் ஹால் வாடகைக்குள்ளயே வந்துடும் பொதுவா, அது ஒரு ஆறுதல்.

இதுக்கு நேர் எதிரா சில இடத்துல காண்ட்ராக்ட் ரொம்பக் குறைச்சலா இருக்கும், அதுலயும் சிக்கல் இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்ல காலேஜே ரூம் குடுத்துடும், ஆனா ஒரு டெர்ம் எட்டு வாரம்தான், பல காலேஜ்ல லீவுக்கு ரூமைக் காலி பண்ணணும். டரம் யூனிவர்சிட்டிலயும் பல ரூம் இப்படி டெர்ம் கணக்குதான். இங்கிலாந்துப் பிள்ளைங்களுக்கு அப்பா கார் எடுத்துட்டு வந்து பெட்டியை ஏத்திட்டுப் போயிடுவாரு. நம்ம பிள்ளை கிறிஸ்மஸ்ல ரெண்டு சூட்கேஸ், ரைஸ் குக்கர், குளிர் போர்வையைத் தூக்கிட்டு எங்க போகும்? லீவுல தங்கலாமா, சாமான் வைக்க ஸ்டோரேஜ் இருக்கா, அதுக்குத் தனிக் காசான்னு அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஈமெயில்ல கேட்டு பதிலை வச்சுக்கங்க.

இடம் பத்தி. மேப்ல பேரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. வாரிக் யூனிவர்சிட்டி வாரிக் ஊர்ல இல்ல, கவென்ட்ரி ஓரத்துல இருக்கு, வாரிக் டவுன்ல ரூம் பாத்தா தினம் பஸ்தான். மான்செஸ்டர்ல ஃபாலோஃபீல்டுல இருக்கிற ஹால் கேம்பஸ்லேர்ந்து தள்ளி இருக்கு, ஆனா பஸ் வந்துகிட்டே இருக்கும், வழிலதான் ரஷம்ல கறி மைல்னு சாப்பாட்டுக்கடைத் தெரு. லண்டன்னா ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் நம்ம கடைங்க நிறைய, கறிவேப்பிலைக்குக் கவலை இல்ல, அதுக்காக அங்க ரூம் எடுக்கணும்னு இல்ல, வாரம் ஒரு தடவை போனா போதும். முதல் வருஷத்துக்கு லைப்ரரிலேர்ந்து ராத்திரி நடந்து வர்ற தூரமா இருக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்.

என்எஸ் (தேசிய சேவை) முடிச்சிட்டுப் போற பையன்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. உங்களுக்கு இருபத்தொண்ணு ஆயிருக்கும், பக்கத்து ரூம்காரனுக்கு பதினெட்டு, முதல் தடவையா வீட்டை விட்டு வந்தவன், அவன் விடிகாலை மூணு மணிக்குப் பாட்டு போடுவான். அப்ளிகேஷன்ல அமைதியான ஃபிளாட், குடி இல்லாத ஃபிளாட், பெண்கள் மட்டும் ஃபிளாட், சில யூனிவர்சிட்டில வயசு கூடினவங்க ஃபிளாட்னு டிக் பண்ண இடம் இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீங்க. பாத்ரூமைப் பங்கு போடணுமேன்னு அம்மா கவலைப்படுவாங்க, புலாவ் தெக்கோங் ராணுவ முகாம் பங்க்ல படுத்து எழுந்தவனுக்கு ஆறு பேருக்கு ரெண்டு பாத்ரூம்ங்கிறது ஹோட்டல் மாதிரி. அட்டாச்ட் பாத்ரூமுக்குக் கட்டுற காசு மிச்சம்.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு பண்ற ஏஜெண்ட் சொன்னாரு, யூனிவர்சிட்டி ஹால் கிடைக்காது, பிரைவேட்ல இப்பவே போட்டுடுங்கன்னு. அவரைக் குத்தம் சொல்லலை, ஆனா பிரைவேட் ஹால் புக்கிங்ல ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் கிடைக்கிறது வழக்கம், அதைத் தெரிஞ்சுகிட்டு அவர் பேச்சைக் கேளுங்க. நிறைய யூனிவர்சிட்டி, அவங்களை ஃபர்ம் சாய்ஸா, அதாவது முதல் தேர்வா போட்டு, கெடு தேதிக்குள்ள அப்ளை பண்ணின ஃபர்ஸ்ட் இயருக்கு ஹால்ல இடம் கட்டாயம் உண்டுன்னு எழுதியே போட்டிருக்கும். கெடு ஒவ்வொரு இடத்துக்கும் வேற, பெரும்பாலும் மே மாசத்துலேர்ந்து ஜூலைக்குள்ள வந்துடும். நம்ம ரிசல்ட் பிப்ரவரிலயே வந்துடுது, அங்கத்துப் பிள்ளைங்க ஆகஸ்ட் வரைக்கும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கணும், நமக்கு அந்த அவசரம் இல்ல, நிதானமா பண்ணலாம். பாலிடெக்னிக் டிப்ளோமா முடிச்சு நேரா ரெண்டாவது வருஷத்துல சேர்றவங்க மட்டும் அந்த உத்தரவாதம் தங்களுக்கும் சேருமான்னு எழுதிக் கேட்டுக்கணும், ஃபர்ஸ்ட் இயர்னு போட்டிருந்தா சேராமப் போகலாம்.

பிரைவேட்தான் எடுக்கணும்னு ஆயிட்டா, அங்கயும் கிச்சனைப் பங்கு போடுற ரூமா கேளுங்க, இருக்கு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி, சீட் கிடைக்கலைன்னா இல்ல வீசா கிடைக்கலைன்னா காசு திரும்பி வருமா, எந்தத் தேதிக்குள்ள சொல்லணும். இங்கிலாந்துல 2019ல வந்த சட்டப்படி மாணவர் ரூமுக்கு டெபாசிட் அஞ்சு வார வாடகைக்கு மேல வாங்கக்கூடாது, ரூமைப் பிடிச்சு வைக்கிற பணம் ஒரு வார வாடகைக்கு மேல போகக்கூடாது, ஸ்காட்லாந்து சட்டம் வேற. யுகேல இருக்கிற ஆள் ஒருத்தர் ஜாமீன் போடணும்னு கேப்பாங்க, லண்டன்ல சித்தப்பா எல்லாருக்கும் இருக்கமாட்டாரில்ல, சில யூனிவர்சிட்டியே அந்த ஜாமீனைக் குடுக்குது, முதல்ல அங்க விசாரிங்க. ஃபேஸ்புக்ல ரூம் படத்தைப் போட்டு, சாவி அனுப்புறேன் பணம் அனுப்புங்கங்கிறவங்களுக்கு ஒரு காசு அனுப்பாதீங்க.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். நான் ஒருத்தி பாத்தது கொஞ்ச இடம்தான். கிளாஸ்கோ, லீட்ஸ், நாட்டிங்ஹம், கார்டிஃப்னு படிச்சிட்டு வந்த நம்ம பிள்ளைங்க சிங்கப்பூர்ல எத்தனையோ பேர் இருக்காங்க, எந்த ஹால் கிச்சன் நல்லா இருக்கு, எங்க லீவுல வெளிய போகச் சொல்றாங்கன்னு ஊர் ஊரா அவங்களை எழுதச் சொல்லி மே மாசத்துக்குள்ள ஒரு பக்கம் போட முடிஞ்சா எங்க வாட்ஸ்அப் குரூப்புக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்