எஞ்சினை இறக்குவதற்கு முன்

மௌல்மீன்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வண்டி நினைவாகவே இருக்கிறது. ரங்கூன் நெரிசலில் சூடு காட்டும் முள் மேலேறுகிறது என்றும், இரண்டு நாளைக்கு ஒருமுறை ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றும், பட்டறை மெக்கானிக் சயா மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, எஞ்சின் போய்விட்டது, ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சின் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று சொன்னார் என்றும் கூறினாய். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் எஞ்சினை இறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முதலில் வெளியே பார். இரவு வண்டியை நிறுத்தியதும் அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து வை. காலையில் அட்டை காய்ந்திருந்தாலும் ஒழுக்கு இல்லை என்று நினைத்துவிடாதே. எஞ்சின் சூடாக இருக்கும்போது கசியும் நீர் அங்கேயே ஆவியாகிவிடும். அதன் தடம் மட்டும் மிஞ்சும். ரப்பர் குழாய்கள் ரேடியேட்டரில் சேரும் முனைகளிலும், தண்ணீர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையைச் சுற்றியும், உப்புப் பூத்தது போலவோ துரு வழிந்தது போலவோ கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். அங்கே கறை இருந்தால் நம் செலவு ஒரு குழாயோடோ ஒரு பம்போடோ முடிந்துவிடும்.

வெளியே ஒன்றும் இல்லையென்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், எஞ்சினுக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் காஸ்கெட் என்ற தகடு வழியாகப் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை இருந்தால் பயப்படாதே. மழைக்காலத்தில் குறுந்தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவதுண்டு. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வந்தால் அது வேறு கதை. காஸ்கெட்டே போயிருந்தாலும், அலுமினிய ஹெட் கோணியிருக்கிறதா என்று பார்த்து, தேவையானால் சமப்படுத்தி, புதுக் காஸ்கெட் போட்டு மூடலாம்.

எனக்கு அதிகச் சந்தேகம் ரேடியேட்டர் மூடியின் மேல்தான். அதை வெறும் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். அதன் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் விறைத்துப்போனால் அழுத்தம் நிற்காது. நீர் சீக்கிரமே கொதித்து, பக்கத்துப் புட்டி நிரம்பி, வழிந்து போய்விடும்.

அடுத்தது தெர்மோஸ்டாட், எஞ்சின் போதிய அளவு சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. இதில் குற்றம் என்னுடையது. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை என்று ஒருவர் சொன்னதை நம்பி அதைக் கழற்ற விட்டேன். துருப் பிடிக்காமல் காக்கும் கூலண்ட் திரவம் வாங்காமல் பல வருடம் குழாய்த் தண்ணீரையே ஊற்றினேன். இன்று ரேடியேட்டருக்குள் அடைத்திருக்கும் துரு அப்படிச் சேர்ந்ததாகத்தான் இருக்கும். இப்போது புதிய தெர்மோஸ்டாட் ஒன்றை வாங்கிவிட்டேன். நேற்று மாலை அதை நூலில் கட்டிப் பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு, அம்மாவின் அடுப்பில் சூடேற்றிப் பார்த்தேன். 82 டிகிரி என்று அதில் பொறித்திருக்கிறது. நீர் கொதிப்பதற்கு வெகு முன்பே வால்வு மெல்ல விலகித் திறந்தது. அடுப்பிலிருந்து இறக்கி ஆறவிட்டதும் அதே நிதானத்தோடு மூடிக்கொண்டது.

தாடோனுக்கும் பீலினுக்கும் நடுவில் வண்டி கொதித்து நின்ற நாள் உனக்கு நினைவிருக்கும். 1970-இல் பர்மாவில் போக்குவரத்து வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. நம் வண்டிக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கத்திலேயே இருப்பதால், முன்னே போகும் லாரியைத் தாண்ட உன் கண்தான் எனக்குக் கண். பத்து வயதில் இடப்பக்க இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, “இப்போ போகலாம் அப்பா” என்று சொல்லிக்கொண்டு வந்தாய். அன்று அவசரப்பட்டு ஈரத்துணியோடு மூடியைத் திருகியதால் வந்த தழும்பு என் முழங்கையருகே இன்னும் இருக்கிறது. சூடாக இருக்கும்போது நீ மூடியில் கை வைக்கவே கூடாது. ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

விற்றுவிடலாமா என்றும் கேட்டாய். 2011-இல் அரசாங்கம் 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி தருவதாக அறிவித்தபோது, தாத்தாவின் ஹில்மனைக் கொடுத்துத்தான் இந்த 1996 கொரோலாவை வாங்கினோம். பழைய வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது தாத்தா வாசலுக்கே வரவில்லை. அந்தத் திட்டத்தில் வந்த ஜப்பான் வண்டிகள் இன்றும் எத்தனையோ ஓடுவதால் இதற்குப் பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. ஓடக்கூடிய வண்டியை, காரணம் தெரியாமல் கைவிட எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து சேருகிறேன். அதுவரை வண்டியை எடுக்காதே. சயாவிடம் மரியாதையாகச் சொல்லிப் பொறுத்திருக்கச் சொல். அவர் புது மூடி மாற்றினாலும் பழையதை எறிய விடாமல் வாங்கி வை. அதன் ரப்பரை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா