முப்பது நொடித் துண்டை வைத்துக் கூட்டம் போடாதீர்கள்

அமெரிக்காவில் உள்ள தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் செயற்குழுவினருக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

பிரசங்க பீடத்திலிருந்து இனத்தைப் பற்றி யாராவது சூடாக ஒன்றைச் சொல்லிவிட்டால், மறுநாளே அதன் வீடியோத் துண்டு சபை வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடுகிறது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குள் சபை இரண்டு கட்சியாகிறது. அடுத்த ஞாயிறு அவசரமாக ஓர் ஒற்றுமைக் கூட்டத்தை அறிவிக்கிறீர்கள். இத்தகைய உரையாடல்களை நடத்திக்கொடுப்பவர்கள் என்ற முறையில் கேட்கிறோம்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் முழுப் பிரசங்கத்தையும் அச்செடுங்கள்.

பராக் ஒபாமாவின் போதகராக இருந்த, சிக்காகோ டிரினிட்டி என்ற கறுப்பினச் சபையின் ஜெரமையா ரைட் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2008 மார்ச்சில் நாடு முழுக்க ஓடிய துண்டுகளில் ஒன்று, 2001 செப்டம்பர் 16 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த ஞாயிறு, அவர் செய்த பிரசங்கத்தில் வெட்டியது. அமெரிக்கா செய்தது அமெரிக்காவுக்கே திரும்பி வருகிறது என்பது அதன் சாரம். அன்றைய வேதபகுதி சங்கீதம் 137. பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்லும் கடைசி வசனத்தைச் சுட்டி, ஆயுதம் ஏந்திய எதிரி மேல் தொடங்கும் வெறுப்பு ஆயுதமற்ற அப்பாவிகள் மேல் போய் முடிவதை அவர் எச்சரித்தார். சர்ச்சைக்குரிய வரியையும் தொலைக்காட்சியில் ஒரு முன்னாள் தூதர் பேசியதை ஒட்டியே சொன்னார். பிறகு, இது நம்மை நாமே சோதித்துப் பார்க்கும் வேளை என்று போனார். துண்டில் இவை எதுவும் இல்லை.

முழுவதும் கேட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ரைட் தமது 2003 ஏப்ரல் 13 பிரசங்கத்தில் எய்ட்ஸ் கிருமியை அரசே உருவாக்கியது என்றார். அது பொய். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களுக்கு அரசு சிபிலிஸ் நோயை ஏற்றியது என்றார். அதுவும் தவறு. நடந்தது வேறு: 1932 முதல் 1972 வரை, ஏற்கெனவே அந்நோய் இருந்த 399 பேரிடம் உண்மையை மறைத்து, பெனிசிலின் வந்த பின்னும் அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு சுகாதாரத் துறை கவனித்துக்கொண்டிருந்தது. ஆகவே கையில் இரண்டு நிறப் பென்சில் வேண்டும். தகவல் பிழையைச் சிவப்பில் கோடிடுங்கள். அந்தப் பிழை எந்த நினைவிலிருந்து முளைத்தது என்பதை நீலத்தில் பக்கத்திலேயே எழுதுங்கள். சிவப்பு மட்டும் போட்டால் அது வழக்கு விசாரணை. நீலம் மட்டும் போட்டால் சப்பைக்கட்டு.

ரைட்டின் சபை சேர்ந்திருந்த யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் திருச்சபை 2008 மே 18, திருத்துவ ஞாயிறன்று இனம் பற்றிப் பேசும்படி தன் போதகர்களைக் கேட்டுக்கொண்டது. நல்ல தொடக்கம்தான். ஆனால் பீடத்தை நோக்கி யாரும் பதில் பேச முடியாது. வட்டமாக நாற்காலி போட்டால்தான் பேச்சு வரும்.

வட்டத்துக்கு 8 முதல் 10 பேர், நடத்துநர் இருவர், 90 நிமிடம், வாரம் ஒன்றாக நான்கு அமர்வு. முதல் சுற்றில் ஆளுக்கு 2 நிமிடம். யாரும் குறுக்கிடவோ பதில் சொல்லவோ கூடாது. போதகர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் ஆமென் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாம் அமர்வுக்கு முன் பக்கத்திலுள்ள ஒரு கறுப்பினச் சபையின் ஆராதனைக்கு நீங்கள் போய் உட்காருங்கள். அவர்களில் ஒருவரை உங்கள் வட்டத்துக்கு அழைத்து, "உங்கள் ஆட்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள்?" என்று கேட்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரு மனிதரை இனம் முழுவதற்கும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம் என்பதே பலருக்கு உறைப்பதில்லை.

கறுப்பினச் சபைகள் ஏன் தனியாக இருக்கின்றன என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த அப்சலோம் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஆலய நிர்வாகிகள் தூக்கி எழுப்பப் பார்த்தார்கள். ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்றார் அவர். பொறுக்கவில்லை. கறுப்பினத்தார் கூட்டமாக வெளியேறினார்கள்.

நம்மவர் வட்டத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "நாமும் கறுப்புதானே, நமக்கு ஏது இனவெறி?" என்பார்கள். வீடு பார்க்கும்போது "அந்த ஏரியா சரியில்லை" என்று சொன்ன அதே வாய். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். கறுப்பினத்தார் தெருவில் அடிபட்டு நடத்திய போராட்டம் அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் நாம் வந்தோம். ஊர்க் கதையும் மேசைக்கு வரட்டும்: திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ஒரே பீடத்தில் சந்திக்கும் இரண்டு கூடங்களும், 1910 வரை நின்ற நடுச்சுவரும்.

அடுத்த செயற்குழுவில் மூன்றை மட்டும் முடிவு செய்யுங்கள்: நான்கு தேதிகள், நடத்துநர் இருவர், நான்கு அமர்வும் முடியும்வரை அந்த வீடியோத் துண்டை யாரும் பகிராதபடி வாட்ஸ்அப் அட்மினுக்கு ஒரு வார்த்தை.

இப்படிக்கு,
இன உரையாடல் நடத்துநர்கள் சிலர்